சூடேறிய எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைவது ஏன்?

நோயாளியைக் கண்டதும் மருத்துவர் முதலில் அவர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நாடி துடிப்பதைக் கொண்டே உடலினுள் நடப்பதை ஒருவாறு ஊகித்துக்கொள்கிறார். மோட்டார் எஞ்சினுக்கும் அத்தகைய நாடி ஒன்று உண்டு. அதுதான் எண்ணெய் அழுத்தம். அந்த நாடியைப் பார்ப்பது எப்படி, அது தளர்ந்தால் காரணம் காண்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

மோட்டார் என்றதும், "இது அண்ணன் தம்பிகள் படிக்க வேண்டிய விஷயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழியரே! நாம் இயற்பியல் வகுப்பில் படித்த அழுத்தம், உராய்வு, பாகுநிலை ஆகிய மூன்றையும் தவிர இதில் புதியது எதுவும் இல்லை. அன்றியும், இன்று காரும் ஸ்கூட்டரும் ஓட்டும் பெண்கள் எத்தனையோ பேர். ஓட்டத் தெரிந்தவர்க்கு, ஓடுவது எப்படி என்பதும் தெரிந்திருப்பது நல்லதல்லவா?

நாம் எடுத்துக்கொள்ளும் கார்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு குறிப்பிட்ட காரை வைத்துப் பேசினால் விஷயம் எளிதில் விளங்கும். ஆகவே எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். இது இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கேயுள்ள அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. இன்று அதே பெயரோடு நம் ஊர்க் கடைகளில் விற்கும் கார்கள் முற்றிலும் வேறானவை. ஆயினும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் அந்தப் பழைய கார்களை இன்றும் தம் கையாலேயே பழுதுபார்த்துப் பேணி வருகிறார்கள்.

இந்தக் காரின் எஞ்சின் நான்கு சிலிண்டர் கொண்டது. 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. இது நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று எண்ண வேண்டாம். நம் நாட்டில் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாஸடர் காரை அறியாதவர் யார்? அதில் பல்லாண்டுகள் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எம்.ஜி.பி. எஞ்சினை அதன் பெரிய தமக்கை என்று சொல்லலாம்.

எம்.ஜி.பி. காரில் ஓட்டுபவரின் கண்ணெதிரே எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்று இருக்கிறது. அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அது காட்டும். இனி நாம் சுருக்கமாகப் 'பவுண்டு' என்றே சொல்வோம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 25 முதல் 30 பவுண்டு. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற எண்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் பழைய எம்.ஜி.பி. கார் ஒன்றை ஆசையோடு வாங்குகிறார். காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது முள் 60-க்கு மேல் நிற்கிறது. அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டுச் சிவப்பு விளக்கின் முன் வண்டியை நிறுத்துகிறார். எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்நிலையை மெக்கானிக்குகள் 'ஐடிலிங்' என்பார்கள். தற்செயலாக மானியைப் பார்க்கிறார். முள் 10-க்கு இறங்கிவிட்டது! அவர் நெஞ்சு திக்கென்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ, "எஞ்சின் போய்விட்டது, இறக்கிப் பிரித்தாக வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், விட்டுத் தள்ளுங்கள்" என்கிறார்.

இருவர் பேச்சிலும் ஆபத்து உண்டு. முன்னவர் பேச்சைக் கேட்டால், நல்ல எஞ்சினை வீணாகப் பிரித்துப் பெரும் பணத்தை இழக்க நேரலாம். பின்னவர் பேச்சைக் கேட்டால், உண்மையிலேயே நோயுற்ற எஞ்சின் ஒருநாள் நடுவழியில் இறுகி நின்றுவிடலாம். எனவே யார் பேச்சையும் கேட்குமுன், எஞ்சினையே கேட்டறிய வேண்டும். அதற்கு எண்ணெய் செல்லும் வழி நமக்குத் தெரிய வேண்டும்.

எண்ணெயின் பயணம்

எஞ்சினின் அடியில் தொட்டி போன்ற பகுதி ஒன்று உண்டு. அதற்குச் 'சம்ப்' என்று பெயர். எண்ணெய் அங்கே தங்கியிருக்கும். ஒரு பம்பு அதனை வலைச் சல்லடை வழியாக உறிஞ்சி, ஃபில்டருக்குத் தள்ளுகிறது. ஃபில்டரில் தூசும் கசடும் நீங்கிய எண்ணெய், எஞ்சினின் நீளவாக்கில் துளைக்கப்பட்ட பெரிய கால்வாயில் பாய்கிறது. அங்கிருந்து சிறு கால்வாய்கள் வழியே பேரிங்குகளுக்குச் செல்கிறது.

பேரிங் என்பது சுழலும் தண்டைத் தாங்கும் உலோகச் சட்டை. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் பெரிய தண்டைக் கிராங்க் ஷாஃப்ட் என்கிறோம். எம்.ஜி.பி. எஞ்சினில் 1964-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தத் தண்டை ஐந்து பேரிங்குகள் தாங்குகின்றன. நான்கு பிஸ்டன்களின் கம்பிகளும் தண்டைப் பற்றும் இடங்களில் நான்கு பேரிங்குகள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்கு மூன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு.

தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்டில் அந்த இடைவெளி 0.001 முதல் 0.0027 அங்குலம் வரை இருக்கலாம் என்று இந்தக் காரின் பழுதுபார்க்கும் நூல் விதிக்கிறது. செய்தித்தாளின் ஒரு தாளைவிடவும் மெல்லிய இடைவெளி இது! எண்ணெய் இந்த இடைவெளியில் புகுந்து, தண்டைச் சுற்றிப் பரவி, ஓரங்களின் வழியே வழிந்து மீண்டும் சம்பில் விழுகிறது. அதாவது, ஒவ்வொரு பேரிங்கும் இலேசாகத் திறந்து வைக்கப்பட்ட ஒரு குழாயைப் போன்றது.

ஒரே கைப்பம்பினால் பன்னிரண்டு குழாய்களுக்குத் தண்ணீர் அடிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். குழாய்கள் நன்றாக மூடியிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். தாராளமாகத் திறந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் அழுத்தம் ஏறாது. மெதுவாக அடித்தாலும் ஏறாது. எண்ணெய் அழுத்தத்தின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. பம்பு தானாக அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் தப்பிச் செல்வதற்கு எவ்வளவு தடை இருக்கிறதோ, அதற்கேற்பவே அழுத்தம் எழுகிறது.

ஒரு மரமுளை கற்பித்த பாடம்

இங்கே ஒரு வியப்பான வரலாற்றைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்னும் பொறியாளர் இரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துவந்தார். 1883-இல் அச்சோதனைகளின் விவரம் வெளியாயிற்று. எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் அவர் ஒரு துளையிட்டார். தண்டு சுழன்றதும், அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது! அவர் ஒரு தக்கையால் துளையை அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்தது. பின்னர் அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். பேரிங்கின் மீது ஏற்றியிருந்த பாரம் சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். மானியோ 200-ஐயும் தாண்டிற்று.

இதன் பொருள் என்ன? சுழலும் தண்டு எண்ணெயைத் தானே இழுத்து ஆப்புப் போல நுழைத்து, அந்த எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதேயில்லை. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886-இல் இதற்குரிய கணிதத்தை வகுத்துக் கொடுத்தார்.

ஆகவே தண்டைத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் வேறு; நம் மானி காட்டும் அழுத்தம் வேறு. மானி காட்டுவது, வழிந்துபோன எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெய் வந்து சேர்கிறதா என்பதைத்தான். மெதுவாக ஓடும் எஞ்சினின் பாரம் குறைவு; அதற்குச் சிறிதளவு அழுத்தமே போதும். எம்.ஜி.பி. காரின் நூலும் இதையே கூறுகிறது. வழக்கமான ஓட்டத்தில் 50 முதல் 80 பவுண்டு. ஐடிலிங்கில் 10 முதல் 25 பவுண்டு. அப்படியானால் நம் நண்பர் கண்ட 10 பவுண்டு எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது எல்லையின் கடைசிப் படி. எனவே பயப்படத் தேவையில்லை. பாராமல் இருக்கவும் கூடாது.

சூடும் மெதுவும் ஏன் சேர்ந்து சோதிக்கின்றன?

விளக்கெண்ணெயைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கம்பியாக மெல்ல இறங்கும். அதையே சுடவைத்தால் தண்ணீர் போல ஓடும். பாய்ந்தோட மறுக்கும் இக்குணத்தையே பாகுநிலை என்கிறோம். எம்.ஜி.பி. போன்ற கார்களுக்குப் பெரும்பாலும் ஊற்றப்படும் '20 டபிள்யூ 50' ரக எண்ணெய், 40 டிகிரி செல்சியஸில் இருந்ததைவிட 100 டிகிரியில் எட்டு ஒன்பது மடங்கு நீர்த்துப்போகிறது. தடை அவ்வளவு குறைகிறது. எண்ணெய் இடைவெளிகளில் எளிதாக ஒழுகிவிடுகிறது.

அதே சமயம் ஐடிலிங்கில் பம்பும் மெதுவாகச் சுழல்கிறது. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 3,200 முறை சுழன்ற கிராங்க் ஷாஃப்ட் இப்போது 800 முறையே சுழன்றால், பம்பு தள்ளும் எண்ணெயும் கால் பங்காகிவிடும். இப்படி வரவு குறைந்து ஒழுக்கு மிகும் வேளையில் அழுத்தம் தாழ்வது இயற்கை.

பேரிங் தேய்ந்திருந்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இவ்வளவு குறுகிய இடைவெளியில் பாயும் திரவத்தின் அளவு, இடைவெளியின் கனத்தைப் பொறுத்து, அதாவது அதை மும்முறை பெருக்கிய அளவில், கூடுகிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு! 0.002 அங்குலம் 0.004 அங்குலமாவது கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். மானியின் முள்ளுக்கோ அது தெரிந்துவிடும். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது இக்குறை மறைந்திருக்கும். வேகமாக ஓடும்போதும் மறைந்திருக்கும். சூடேறி, மெதுவாக ஓடும்போதுதான் வெளிப்படும். அதனால்தான் விவரம் அறிந்த மெக்கானிக்குகள் காலையில் முள் எங்கே நின்றது என்று கேட்பதில்லை. ஓட்டிவிட்டு வந்து நின்றபோது எங்கே நின்றது என்றுதான் கேட்கிறார்கள்.

காரணம் தேடும் முறை

இனி நம் நண்பரின் காருக்கு வருவோம். செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு மிகுந்த சோதனையில் முடிக்க வேண்டும் என்பதே முதல் விதி. இவ்வரிசையை மாற்றினால் பணமும் உழைப்பும் வீணாகும்.

முதலாவது, எண்ணெயின் அளவு. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும்.

இரண்டாவது, எண்ணெயின் தன்மை. கம்பியிலுள்ள எண்ணெயை முகர்ந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை வீசினால், கார்புரேட்டரிலிருந்து மிகுதியான பெட்ரோல் வழிந்து எண்ணெயில் கலந்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துவிடும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். முன்பு யாரோ தவறான ரக எண்ணெயை ஊற்றியிருக்கவும் கூடும். ஐயமிருந்தால் பழைய எண்ணெயை வடித்துவிட்டு, ஃபில்டரை மாற்றி, நூல் கூறும் ரகத்தை ஊற்றிப் பார்ப்பதே நல்லது. பல கார்களின் நோய் இத்துடன் தீர்ந்துவிடும். ஆனால் பெட்ரோல் கலந்ததற்கான காரணத்தையும் சரிசெய்யாவிட்டால், புதிய எண்ணெயும் சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

மூன்றாவது, எஞ்சினின் வேகம். ஐடிலிங் வேகம் 800-க்குப் பதிலாக 500-ஆகத் தாழ்ந்திருந்தால் அழுத்தமும் தாழத்தான் செய்யும். அது எண்ணெயின் குற்றமன்று. கார்புரேட்டரின் திருகைச் சிறிது திருப்பினால் போதும்.

நான்காவது, சாட்சி சொல்லும் மானி. இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மானி ஒரு சாட்சி. சாட்சியும் பொய் சொல்லலாம்! 1849-இல் பாரிஸ் நகரில் யூஜின் போர்டான் என்பவர் உரிமை பெற்ற வளைகுழாய் அழுத்தமானிதான் எம்.ஜி.பி. கார்கள் பலவற்றிலும் உள்ளது. எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியே எண்ணெயே மானிக்குள் ஏறி, வளைந்த உலோகக் குழாயை நிமிர்த்த முயல, முள் அசைகிறது. குழாயில் கசடு அடைத்தாலும், உள்ளே இருக்கும் வளைகுழாய் சோர்ந்தாலும் அளவு பிசகும். அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சில ஆண்டுக் கார்களில் மின்சார மானி இருந்தது. அதன் மின்கருவியும் தவறு செய்வதுண்டு. எஞ்சினை அணைத்தபின் முள் சரியாகப் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, சரியானது என்று தெரிந்த வேறொரு மானியை எஞ்சினிலேயே பொருத்தி, அரை மணி நேரம் ஓட்டியபின் இரண்டையும் ஒப்பிட வேண்டும். தண்ணீரின் சூட்டைக் காட்டும் மானி மேலேறிவிட்டது என்பதால் எண்ணெயும் சூடாகிவிட்டதாகக் கொள்ளக் கூடாது; எண்ணெய்க்கு இன்னும் நேரம் பிடிக்கும். இரண்டு சாட்சிகளும் ஒன்றுபோலச் சொன்னால்தான் வழக்கை மேலே நடத்தலாம்.

முள் சொல்லும் நான்கு கதைகள்

சரியான மானியோடு குளிர்ந்த ஐடிலிங், வேகமான ஓட்டம், சூடான ஐடிலிங் என மூன்று நிலைகளிலும் எண்களைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே எண்ணைக் கொண்டு முடிவு கட்டுவது, ஒரே பரீட்சையைக் கொண்டு மாணவியின் அறிவை மதிப்பிடுவதைப் போன்றது.

குளிரிலும் ஓட்டத்திலும் அழுத்தம் நன்றாக இருந்து, சூடான ஐடிலிங்கில் மட்டும் சிறிது தாழ்ந்தால், எண்ணெய் நீர்த்திருக்கலாம். அல்லது பேரிங்குகளில் வயதுக்கேற்ற சிறிது தேய்மானம் இருக்கலாம். ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகத்தில் மட்டும் 50-ஐ எட்டவில்லையானால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். குளிரில்கூடக் குறைவாக இருந்தால், அந்த வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம், பம்பும் பழுதாகியிருக்கலாம். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென வீழ்ந்தால், அது சாதாரணத் தேய்மானமாக இருப்பது அரிது. தேய்மானம் மெல்ல நடப்பது. திடீர் வீழ்ச்சிக்கு எண்ணெய்க் கசிவு, சிக்கிய வால்வு, கழன்ற உறிஞ்சுகுழாய், கெட்ட மானி ஆகியவற்றையே முதலில் தேட வேண்டும்.

ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் குக்கரின் எடையைப் போன்றது. அழுத்தம் அளவு மீறும்போது திறந்து, மிகுதி எண்ணெயைச் சம்புக்கே திருப்பியனுப்பும். எம்.ஜி.பி. எஞ்சினின் இடப்பக்கத்துப் பின்கோடியில், குமிழ் போன்ற ஓர் அறுகோண மூடியின் கீழ் அது இருக்கிறது. அதைக் கழற்றுவது எளிது. ஸ்பிரிங்கின் இயல்பான நீளம் 3 அங்குலம் இருக்க வேண்டும். வால்வு அமரும் இடத்தில் ஒரு துரும்புக் கசடு சிக்கினாலும் அது முழுதும் மூடாது. அந்தச் சந்தின் வழியே ஐடிலிங்கின் சொற்ப எண்ணெயும் ஓடிவிடும். துடைத்து வைத்தாலே குணமாகும் நோய் இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்கின் பின்னே வாஷர்களைச் செருகி அதை இறுக்கிவிட்டால் அழுத்தம் ஏறும் என்று சிலர் சொல்வதுண்டு. வேகமான ஓட்டத்தில் முள் சிறிது ஏறும் என்பது உண்மையே. ஆனால் ஐடிலிங்கில் வால்வு மூடியேதான் இருக்கிறது. மூடிய கதவை மேலும் இறுக்கித் தாழிடுவதால் வீட்டின் மற்றச் சன்னல்கள் மூடிவிடுமா? பேரிங் தேய்ந்த காரை விற்பவர் இவ்வாறு முள்ளை ஏற்றிக் காட்டினால், வாங்குபவர்தான் ஏமாறுவார். காரும் குணமடையாது.

திறந்து பார்க்கும் கட்டம்

மேற்கண்ட யாவும் சரியாக இருந்தும், சூடான ஐடிலிங்கில் முள் 10-க்குக் கீழே விழுந்து, ஓட்டத்திலும் 50-ஐ எட்டவில்லையானால், அப்போதுதான் சம்பைக் கழற்ற வேண்டும். முதலில் சல்லடை அடைத்திருக்கிறதா, உறிஞ்சுகுழாய் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்துப் பம்பு. அதன் உள்ளே ஒன்றனுள் ஒன்றாகச் சுழலும் இரு சக்கரங்கள் உள்ளன. அவற்றின் முனைகளுக்கிடையே 0.006 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. மெல்லிய எஃகுத் தகடுகளை நுழைத்து இதை அளப்பார்கள். பம்பு தேய்ந்திருந்தால், தள்ளிய எண்ணெயில் ஒரு பங்கு உள்ளேயே பின்வாங்கிவிடும்.

கடைசியாகப் பேரிங்குகள். இவற்றின் மேற்பூச்சு வெண்மையான மென்னுலோகம்; அதன் கீழே செம்பு. செம்பு நிறம் வெளியே தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். இடைவெளியை அளக்க ஓர் எளிய உபாயம் உண்டு. நூல் போன்ற மெழுகுத்தன்மையுள்ள பிளாஸ்டிக் இழையைத் தண்டின் மீது வைத்து, பேரிங்கின் மூடியை விதித்த அளவுக்கு முடுக்கிப் பின்பு கழற்றுவார்கள். சப்பாத்தி மாவுருண்டையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அகலமாகப் பரவுவது போல, இழையும் நசுங்கிப் பரவியிருக்கும். அகலமாகப் பரவியிருந்தால் இடைவெளி சிறிது. ஒடுங்கியே இருந்தால் இடைவெளி பெரிது. உறையிலேயே அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். தண்டு நன்றாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். தண்டும் தேய்ந்திருந்தால் அதைக் கடைந்து, 0.010 அல்லது 0.020 அங்குலம் சிறிய அளவுக்குரிய பேரிங்குகளைப் போடுவார்கள். கேம் ஷாஃப்டின் மூன்று பேரிங்குகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மற்றவற்றைப் புதிதாக்கியும் அழுத்தம் ஏறாமல் திகைப்பவர்கள் அங்கேதான் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுக் காருக்கு

"எங்கள் வீட்டில் எம்.ஜி.பி. இல்லையே, மானியும் இல்லையே!" என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய்க் குடுவை வடிவமுள்ள சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஆனால் மானி 25, 20, 15 எனப் படிப்படியாகச் சொல்லும் செய்தியை இந்த விளக்கு சொல்லாது. அழுத்தம் ஏறத்தாழ 5 பவுண்டு அளவுக்கு இறங்கிய பிறகுதான் பல கார்களில் அது எரியும். அதாவது, நாடி நிற்கப் போகும் தறுவாயில்தான் அது குரல் கொடுக்கிறது.

ஆகவே பயணத்தில் அந்த விளக்கு எரிந்தால், "இன்னும் இரண்டு மைல்தானே, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று எண்ணாமல், பத்திரமான ஓரத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். முதலில் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்து, அப்போதும் விளக்கு அணையவில்லை என்றாலோ, எஞ்சினுக்குள் தட்டும் ஓசை கேட்டாலோ, வண்டியை இழுத்துச் செல்வதே முறை. எண்ணெய் இல்லாமல் ஓடும் ஒருசில நிமிடங்கள் ஒரு பேரிங்கை அழிக்கப் போதும். அளவுக் கம்பியை வாரம் ஒருமுறை உருவிப் பார்ப்பதற்கோ பழைய துணி ஒன்று போதும். பெற்றோர் அனுமதித்தால் இந்த வேலையை நம்மில் எவரும் செய்யலாம்.

நம் நண்பரின் கதை எப்படி முடியும்? எண்ணெய் மாற்றியதும் முள் 15-இல் நின்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி கூறிவிட்டு நிம்மதியாக ஓட்டலாம். மாதந்தோறும் அதே சூட்டில், அதே வேகத்தில், முள் நிற்கும் எண்ணைக் குறித்துவந்தால் போதும். இரண்டு மானிகளும் சேர்ந்து 5 என்று சொன்னால், தயங்காமல் எஞ்சினைத் திறக்க வேண்டும். எதைச் செய்தாலும் காரணம் தெரிந்து செய்கிறார் என்பதே முக்கியம்.

தோழியரே, ஒரு குறையைக் கண்டதும் அஞ்சி அலறுவதும் எளிது. கண்டும் காணாததுபோல் இருப்பதும் எளிது. சாட்சியைச் சோதித்து, சிறிய காரணத்திலிருந்து பெரிய காரணத்துக்குப் படிப்படியாகச் செல்வதுதான் கடினம். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பதும் இதுவே. அந்தப் பழக்கம் நமக்கு வந்துவிட்டால், எஞ்சின் மட்டுமன்று, நம் கைக்கு வரும் எந்தப் பொருளும் வீணாகக் கெடாது.